ககன குளிகை இல்லாதவர்களுக்கு ஒரு வண்டி

காயசண்டிகை நடந்துதான் வந்தாள்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் இந்தப் பெண், வானில் பறக்கத் தெரிந்த விஞ்சையர் குலத்தவள். வடக்கே காஞ்சனபுரம் அவள் ஊர். கணவனோடு வான்வழியே பொதிய மலையைப் பார்க்க வந்த இடத்தில், ஒரு முனிவர் உண்பதற்கென்று வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்த நாவல் கனியைக் காலால் சிதைத்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் கனி அது. வானில் செல்லும் மந்திரம் மறந்து போகட்டும், பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பசியில் கிடக்கட்டும் என்று முனிவர் சாபமிட்டார். கணவன் பழமும் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தான். பசி அடங்கவில்லை. கடைசியில் அவன் சொன்ன வழி இதுதான்: தமிழகத்தில் ஆதரவற்றோரைக் காக்கும் செல்வர்கள் வாழும் நகரம் ஒன்று இருக்கிறது, பல நாள் ஆனாலும் நிலத்தின் வழியே போய் அங்கே சேர்ந்துகொள். அவளும் நடந்து புகாருக்கு வந்தாள். ஆண்டுதோறும் இந்திர விழாவுக்கு அவன் வானத்தில் வருவான். அவள் பசியைப் பார்த்து இரங்குவான். இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று எண்ணிவிட்டுத் திரும்பிப் போவான்.

இந்தப் பகுதியை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனத்துப் போகும். ஒரு குலமே பறக்கிறது. பறக்க முடியாமல் போன ஒருத்தியை ஏற்றிக்கொண்டு வர அவர்களிடம் ஒரு வண்டி இல்லை.

மந்திரவாதிகளோ சித்தர்களோ நம் கண்ணுக்குத் தெரியாமல் நம்மோடு வாழ்கிறார்கள் என்று எழுதப்படும் ஃபேன்டசிக் கதைகளைச் சின்ன வயதிலிருந்தே விரும்பிப் படிக்கிறவன் நான். அந்தக் கதைகளில் வாசகர்கள் மிகவும் ரசிப்பது அவற்றின் பயண முறைகளைத்தான். துடைப்பம், கம்பளம், சுவருக்குள் ஒரு வாசல், நள்ளிரவில் மட்டும் நிற்கும் ரயில். எழுதுகிறவர்களும் அங்கேதான் கற்பனையைக் கொட்டுகிறார்கள். ஆனால் அந்த வாகனம் யாருக்காக ஓடுகிறது என்று பல கதைகள் யோசிப்பதில்லை. நினைத்த இடத்தில் போய் நிற்கும் வித்தை தெரிந்தவருக்கு வண்டி எதற்கு? வித்தை படியாத குழந்தைக்கும், மந்திரம் மறந்துபோன கிழவிக்கும், கையில் மூட்டை வைத்திருப்பவருக்கும்தான் வண்டி வேண்டும். அப்படியானால் ஒரு மாயச் சமூகத்தின் பொதுப் போக்குவரத்தைப் பற்றி எழுதும்போது, அந்தச் சமூகம் தன்னில் வலுவில்லாதவர்களை எப்படி வைத்திருக்கிறது என்பதைத்தான் எழுதுகிறோம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்படி ஒரு கதையை எழுத நினைப்பவர்களுக்கு வேண்டிய சரக்கு நம் பழைய கதைகளிலும் இந்த ஊர்களின் மண்ணிலுமே கிடக்கிறது.

முதலில் இடம். மறைந்து வாழ நினைக்கும் ஒரு சமூகத்துக்கு இதைவிட வசதியான நிலப்பகுதி தமிழ் பேசும் உலகத்தில் அரிது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் கிடையாது. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே புதுவை ஊர்களும், புதுவை ஊர்களுக்கு நடுவே தமிழ்நாட்டு ஊர்களுமாகச் சிதறிக் கிடக்கிறது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். தெற்கே கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் ரெட்டிச்சாவடி, அது கடலூர் மாவட்டம். அரசியல் வரைபடத்தில் பார்த்தால் இன்னும் வியப்பு. காரைக்கால் தெற்கே நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், ஏனாம் ஆந்திரக் கோதாவரிக் கரையில், மாகே கேரளக் கடற்கரையில். இந்த நான்கும் சேர்ந்து ஒரே நிர்வாகம். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கைமாற்றினார்கள், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தது. தூரம் தூரமாகக் கிடக்கும் நிலத்துண்டுகளை ஒரே ஊராக நினைக்கும் பழக்கம் இந்த மக்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வாசலைத் திறந்தால் மாகே, இன்னொன்றைத் திறந்தால் ஏனாம் என்று எழுதினால் வெளியூர் வாசகருக்கு அது மாயம். புதுச்சேரிக்காரருக்கு அது ரேஷன் கார்டு மாதிரிப் பழகிய விஷயம்.

கடலூர்ப் பக்கம் எல்லை இன்னும் விசித்திரமாக உருவானது. 1690-இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரையில் உள்ள நிலமும் சேர்த்து என்பது ஒப்பந்தம். நாலா பக்கமும் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்றும் புழங்குகிறது. பறந்து போன ஒரு பொருள் விழுந்த இடத்தை வைத்து எல்லை வகுத்த ஊர் இது. இதற்குமேல் ஒரு ஃபேன்டசி எழுத்தாளர் என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

இடம் சரி. இனி வாகனம். தமிழில் மாயப் பயணம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வானம். சித்தர் மரபில் ககன குளிகை என்று ஒன்று பேசப்படுகிறது. பாதரசத்தைக் கட்டி மணியாக்கி, அதை வாயில் அடக்கிக்கொண்டால் வான்வழி செல்லலாம் என்பது நம்பிக்கை. போகர் சீன தேசம் போய் வந்த கதைகளும் இந்த வகைதான். தாயுமானவரின் பாடல் ஒன்று இப்படிப்பட்ட சித்திகளை வரிசையாக அடுக்குகிறது: தண்ணீர்மேல் நடக்கலாம், தீயின்மேல் இருக்கலாம், வேறு உடலில் புகலாம், பிறர் கண்ணில் படாமல் உலகத்தைச் சுற்றி வரலாம். இவ்வளவையும் செய்துவிடலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று முடிக்கிறார். மறைந்து பயணம் செய்யும் ஒரு சமூகத்தின் முழுத் திட்டமும் அந்த ஒரு பாட்டில் இருக்கிறது.

புதுச்சேரியில் சித்தர் சமாதிகளுக்குக் குறைவே இல்லை. கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமி சமாதிக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, மனத்தையே தேராகக் கொண்டு உலகங்களைச் சுற்றி வரும் ஞானரதத்தை எழுதியவர். ஆனாலும் குளிகையும் ஞானரதமும் பொதுப் போக்குவரத்து ஆகாது. இரண்டிலும் ஓர் ஆள்தான் போகலாம். குளிகைக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும், அதைச் செய்யப் பொருள் வேண்டும், குரு வேண்டும். நிஜத்தில் பாதரசம் கொடிய நஞ்சு, வாயில் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

ஆனால் பாதரசத்தைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறப்பதற்கென்று சித்தர்கள் பஞ்சையோ இறகையோ தேர்ந்தெடுக்கவில்லை. தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமான ஒரு திரவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இரும்புக் குண்டைப் போட்டால் அதில் மிதக்கும். கனமானதிலிருந்து மிதப்பு வருகிறது என்ற இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வானத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மீண்டும் காயசண்டிகைதான். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவில் அவள் பசி தீர்ந்தது, சாபமும் முடிந்தது, மந்திரம் திரும்ப வந்தது. ஊருக்குப் பறந்து புறப்பட்டாள். வழியில் விந்த மலை. அந்த மலைக்கு நேர் மேலே யாரும் பறக்கக் கூடாது. பறந்தால், மலையைக் காக்கும் விந்தா கடிகை நிழலைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் போட்டுக்கொள்வாள். வானில் திரிகிற எல்லோருக்கும் தெரிந்த விதி அது. பன்னிரண்டு ஆண்டு தரையில் கிடந்தவள் அந்த மலைக்கு மேலே போய்விட்டாள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவள் கதை முடிந்தது.

வான்வழிக்குத் தடை இருந்தது, தடையை மீறினால் தண்டனை இருந்தது, காவலுக்கு ஆளும் இருந்தாள் என்று இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே நம் புலவர் எழுதிவைத்திருக்கிறார். நிழலைப் பிடித்து இழுப்பது என்ன ஒரு கற்பனை! எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் நிழல் தரையில் விழத்தானே செய்யும். ஆளை மறைக்கலாம், நிழலை எப்படி மறைப்பது? கடலூர்க் கடற்கரை மாதிரி மரம் மட்டை குறைந்த வெட்ட வெளி மணலில் பகலில் ஒரு பறக்கும் வண்டி போனால் அதன் நிழல் தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா வரைக்கும் எல்லோர் கண்ணிலும் படும். என் முடிவு இதுதான்: இந்தக் கரையில் மறைவுச் சமூகத்தின் பேருந்து வானத்தில் ஓடாது.

அப்புறம் குளங்கள். நம்மிடம் இருக்கும் கதைகளில் மிக அழகான வாசல் ஒரு குளம்தான். திருநாவுக்கரசர் கயிலையைக் காண வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், உடம்பு புரண்டும் போனார். கடைசியில் அங்கே இருந்த ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி அருள் வந்தது. மூழ்கியவர் எழுந்த இடம் திருவையாற்றுக் குளம். இமயத்தில் ஒரு முழுக்கு, காவிரிக் கரையில் தலை நிமிர்கிறது. கயிலைக் காட்சியும் அங்கேயே கிடைத்தது. கோயில்தோறும் குளம் இருக்கும் நாட்டில் இதைவிட நல்ல நிலைய ஏற்பாடு வேறு இல்லை. தனியாக எதையும் கட்ட வேண்டாம். குளத்தில் ஒருவர் முங்குவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எழுந்தாரா என்று எண்ணிக்கொண்டிருப்பவரும் இல்லை.

குளத்தின் குறை என்னவென்றால் சாமான் கொண்டு போக முடியாது. துணி நனையும், அரிசி நனையும், கைக்குழந்தையை எப்படி முக்குவது? கதையிலும் அது ஒரு வழிப் பயணம்தான். ஆகவே குளம் அவசரத்துக்கு, மருத்துவச்சிக்கு, சேதி கொண்டு போகிறவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நிலத்தில் என்ன இருக்கிறது? அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் சுடுமண் குதிரைகளைச் சிலர் உடனே நினைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரவில் ஊரைச் சுற்றிக் காவல் போகும் குதிரைகள் அவை, காவல் வேலையில் இருப்பவை. அவற்றில் பயணி ஏறுவது அந்த நம்பிக்கையை மதிப்பது ஆகாது. கோயில் வாகனங்கள் வேறு. ரிஷபம், மயில், அன்னம், குதிரை என்று எத்தனை வகை. பறவையும் விலங்குமாக இருக்கும் அந்த வாகனங்களில் ஒன்றுகூடத் தானாக நகராது. கீழே தோள் கொடுப்பவர்கள் நடந்தால்தான் நகரும். வடம் பிடித்தால்தான் தேர் ஓடும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடிப்பார், அந்த வழக்கம் துணைநிலை ஆளுநர் காலத்திலும் தொடர்கிறது.

மாசி மகத்தன்று இந்தக் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கு மயிலம் முருகன் வருவார், தீவனூர் விநாயகர் வருவார், சுற்றுவட்டாரத்திலிருந்து இன்னும் எத்தனையோ சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவார்கள். கடலூரில் தேவனாம்பட்டினக் கரையில் அதே காட்சி. பல்லக்கிலும் டிராக்டரிலும் லாரியிலும் அலங்காரத்தோடு வாகனங்கள் வந்துகொண்டே இருக்கும். தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவிலும் இப்படித்தான். அந்தக் கூட்டத்தில் எந்த ஊர்க் கோயில் என்று தெரியாத ஒரு வாகனம் கூடுதலாக வந்து, சனத்தோடு சனமாக நின்று, போய்விட்டால் யாருக்குத் தெரியும்? மறைவுச் சமூகத்தின் பெரிய இடப்பெயர்வுகள், கல்யாணம், பெண்ணழைப்பு, வீடு மாற்றுவது எல்லாம் இந்த இரண்டு நாட்களில் நடக்கும் என்று எழுதினால் நம்பும்படி இருக்கும். திரைபோட்டு மறைப்பதைவிடத் திருவிழாவில் மறைப்பது எளிது.

சாலையில் மறைப்பதும் முடியும். புதுச்சேரியில் ஒரு காலத்தில் புஷ்புஷ் வண்டி ஓடியது. பயணி முன்னால் உட்கார்ந்து கைப்பிடியால் திசை திருப்ப, பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவார். தள்ளுகிற ஆள் கண்ணுக்குத் தெரியாதவர் என்று வைத்தால் மாயம் தயார். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நிஜத்திலும் அந்த ஆளை யாரும் கண்கொண்டு பார்த்திருக்க மாட்டார்கள். ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பாதை வந்தது, மாய ரயில் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

எனக்குப் பிடித்தது தண்ணீர் வழி. ஏனென்றால் இந்தக் கரையின் மிகப் பெரிய பயணக் கதை இங்கேயே நடந்தது. மேலே சொன்ன அதே நாவுக்கரசர், இதே கடலூர் மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்தவர். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் ஆட்கள் அவரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில் இட்டார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள். எதுவும் பலிக்காமல் கடைசியாகக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். பெரிய புராணம் சொல்வது: அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்த்தது. கடலூர் வண்டிப்பாளையத்தில் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் இடம் இருக்கிறது. சித்திரையில் அந்தக் கரையேறிய நிகழ்ச்சியை விழாவாக நடத்துகிறார்கள்.

மூழ்கடிக்கக் கட்டிய பாரம்தான் தூக்கிக்கொண்டு வந்தது. பாதரசத்தைப் பற்றி மேலே சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். மாய வாகனம் என்றால் அதற்கு எரிபொருள் எது என்று ஒரு விதி வேண்டும், விதி இல்லாவிட்டால் கதை தளர்ந்துவிடும். இந்த ஊர்க் கதை அந்த விதியைத் தயாராக வைத்திருக்கிறது: பாரம் ஏற ஏறக் கல் மேலே எழும். வெறுங்கையோடு ஏறினால் அமிழும்.

கூட்டமாகப் போகும் வழியும் உண்டு. திருக்கொள்ளம்பூதூரில் ஆற்றில் வெள்ளம், ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஞானசம்பந்தர் கட்டை அவிழ்த்து, அடியார்களை ஏற்றி, தம் பாட்டையே கோலாகக் கொண்டு அக்கரை சேர்ந்தார் என்கிறது பெரிய புராணம். யாருக்கும் தனியாக மந்திரம் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் பாட, ஓடம் எல்லோரையும் கொண்டு சேர்க்கிறது. நான் பொதுப் போக்குவரத்து என்று சொல்வது இதைத்தான். இந்த ஓடத்தையும் அந்தக் கல்லையும் இணைத்தால் கடலூர், புதுச்சேரி மார்க்கத்துக்கு ஒரு கல் தெப்பம் கிடைக்கிறது.

அதற்கு நேரம் வகுப்பது கடல். இந்தக் கரையில் மீனவர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். ஆண்டின் ஒரு பாதியில் அது வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் என்று இறங்கும் தெப்பம், பங்குனி, சித்திரையில் அரியாங்குப்பம் ஆற்று முகம் வரை ஏறி வரும். அந்த முகத்துவாரத்தின் உள்ளேதான் அரிக்கமேடு. ரோமானியரோடு வணிகம் நடந்த துறை என்பதை 1945-இல் நடந்த அகழாய்வு உறுதிசெய்தது. தெற்கு முனையில் பிச்சாவரம். சுமார் 1,100 எக்டேர் சதுப்புக் காடு, சுரபுன்னையும் தில்லையும் அடர்ந்த வாய்க்கால்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம்தான், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணுக்குத் தெரியாமல் இருக்க நினைக்கும் ஒரு சமூகத்தின் கடைசி நிறுத்தம் தில்லைக் காட்டுக்குள் இருப்பதைவிடப் பொருத்தம் உண்டா?

அறிவிப்புப் பலகையும் வேண்டும். இன்று தெப்பம் வருமா வராதா என்று எங்கே பார்ப்பது? துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. 'கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தியில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது பழகிவிட்டது. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 10 என்றால் பெரும் அபாயம். பதினொன்றாவது அதைவிடவும் கலங்க வைப்பது: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஊரே பார்க்கும் இடத்தில் தொங்குகிறது, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர் சிலர்தான். இதைவிட நல்ல பலகை கிடைக்காது.

கூண்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கடற்கரையில் மாயத் தெப்பம் ஓடுகிறது என்று எழுதுகிறவர், 2004 டிசம்பர் 26 காலையில் அது எங்கே இருந்தது என்று சொல்லியாக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் அன்று காலை அலை வீட்டுக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. மிதக்கும் கல்லை வைத்துக்கொண்டு, மறைவு கெட்டுவிடும் என்று அவர்கள் உள்ளேயே இருந்தார்களா? இருந்தார்கள் என்றால் அந்தச் சமூகத்தைப் பற்றி வாசகர் என்ன நினைப்பார்? நான் எழுதினால், அன்று காலை அவர்கள் வெளியே வந்தார்கள் என்றுதான் எழுதுவேன். தெப்பத்தை அலைக்குள் இறக்கினார்கள், கைக்கு அகப்பட்டவர்களை ஏற்றினார்கள், மீனவர்கள் அவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடலோரக் குப்பங்களில் இது தெரிந்த விஷயம், வெளியே பேசாத விஷயம். இது தர்க்கத்துக்கும் ஒத்து வருகிறது. விடியலுக்கு முன்னால் கடலில் இருப்பவர்கள் மீனவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாமல் இந்தக் கடலில் எதுவும் மிதக்க முடியாது.

இப்போது கட்டணம். எந்த மாயச் சமூகத்திலும் பொன்னும் வெள்ளியுமாகக் காசு கொட்டிக் கிடக்கும் என்று எழுதுவது வழக்கம். ஆனால் பாரமே எரிபொருள் என்ற பிறகு காசுக்கு இங்கே இடமில்லை. பாரம் உள்ளவர் ஏறலாம், அதுவே கட்டணம். குளிகை வாயில் அடக்கிய சித்தர் கைவீசிக்கொண்டு வந்தால் அவருக்கு இடம் கிடையாது, ஏறினால் கல் தண்ணீருக்குள் போய்விடும். அவர் யாருடைய மூட்டையையாவது வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறட்டும்.

ஔவையார் கதை இந்த இடத்தில் நினைவுக்கு வரும். சுந்தரர் வெள்ளை யானையில் ஏறிக் கயிலை போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் பின்னால் போகிறார். தானும் அவர்களோடு போக வேண்டும் என்ற பதற்றத்தில் ஔவையார் பிள்ளையார் பூசையை அவசரமாகச் செய்கிறார். பிள்ளையார், மெதுவாகச் செய் பாட்டி என்கிறார். பூசை முடிந்ததும் தும்பிக்கையால் தூக்கி, யானையும் குதிரையும் போய்ச் சேரும் முன்பே கயிலையில் விட்டுவிடுகிறார். யானை இல்லாத, குதிரை இல்லாத கிழவி முதலில் போய்ச் சேர்கிறாள். காரைக்காலம்மையார் கயிலைக்குத் தலையாலேயே நடந்து போன கதையும் நம்முடையதுதான், அது தவத்தின் உச்சம். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. எல்லோருக்கும் வேண்டியது அந்தத் தும்பிக்கை.

எங்கள் ஆயா கடலூர் முதுநகரில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். விடியற்காலையில் சும்மாட்டின் மேல் கூடையை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். வண்டி நிற்கும், கூடையைப் பார்த்ததும் கிளம்பிவிடும். நின்றாலும், "இந்தாம்மா, கூடைய ஏத்தாத, நாத்தம் தாங்கல" என்று படியிலேயே மறிப்பார்கள். ஒருமுறை நானும் கூட இருந்தேன், எனக்கு எட்டு வயது இருக்கும். ஆயா ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "வாடா, நடப்போம்" என்றார். ஐஸ் உருகிக் கூடையிலிருந்து அவர் கழுத்து வழியே தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்தது.

கல் தெப்பத்தில் யார் எங்கே உட்காருவது என்பதற்கும் ஒரு விதி வேண்டும் அல்லவா. பாரம் அதிகம் உள்ளவர் முன்னால் உட்கார வேண்டும், அப்போதுதான் முனை எழும்பி அலையை வெட்டும். விடியலுக்கு முன் உப்பனாற்று முகத்தில் தெப்பம் ஒதுங்கும்போது மீன் கூடைக்காரிகள் முதலில் ஏறுவார்கள். பிறகு விறகுக் கட்டு, கைக்குழந்தை, நோயாளியைத் தூக்கி வருகிறவர்கள். மந்திரம் மறந்துபோய், பல நாள் நடந்து கரைக்கு வந்து சேர்ந்த ஒருத்தி கையில் எதுவும் இல்லாமல் தயங்கி நிற்பாள். தெப்பக்காரர் அவளிடம் எதுவும் கேட்க மாட்டார். அவள் கால் வைத்ததும் கல் ஒரு சாண் மேலே எழும். முன்னால் உட்கார்ந்திருக்கும் கூடைக்காரி நகர்ந்து இடம் விடுவாள்.